வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிய அப்பாவைப் பற்றி உங்களுக்கு நினைவில் நிற்பது எது?

கடிதங்களுக்கு எண் போட்டதுதான்.

அப்பா திருச்சி பக்கம் திருவெறும்பூரில் இருக்கும் 'பெல்' (பாரத மிகுமின் நிறுவனம்) ஆலையில் கொதிகலன் பொறியாளர். ஆலைக்குள் இருந்த நாட்களைவிட சைட்டில், அதாவது மின்நிலையம் கட்டும் இடத்தில், இருந்த நாட்கள்தான் அதிகம். அனல்மின் நிலையத்துக் கொதிகலனை முழுசாகச் செய்து லாரியில் ஏற்றிவிட முடியாது. குழாய் குழாயாகப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அதைக் கோக்க வேண்டும். அதனால் அப்பாவும் போனார். எண்ணூர், லிபியா, வடக்கே சிங்க்ரௌலி, கோர்பா, நடுவில் சில மாதம் மலேசியா. நாங்கள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில். என் வகுப்பில் இன்னும் பல பேருடைய அப்பாக்களும் சைட்டில்தான் இருந்தார்கள் என்பதால் எனக்கு இது விசேஷமாகவே தெரியவில்லை.

1979-இல் லிபியா, திரிப்போலி மேற்கு மின்நிலையம். அங்கிருந்து வரும் ஏர்மெயில் முன்னும் பின்னுமாக வரும். முதலில் "தம்பிக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி" என்று ஒன்று, நாலு நாள் கழித்து "தம்பிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று இன்னொன்று. அம்மா இதைக் குறைப்பட்டு எழுதியதும், அடுத்த கடிதத்தின் வலது மூலையில் வட்டத்துக்குள் 9 என்று இருந்தது. அதுவரை எழுதியவற்றைக் கணக்கில் சேர்த்திருந்தார். அதோடு விட்டாரா? பின்னால் வந்த கடிதங்களின் கடைசியில் 'நிலுவை' என்று ஒரு பட்டியல். "கடிதம் 11-இல் கேட்ட பல் வலிக்குப் பதில் இல்லை. கடிதம் 12: சைக்கிள் பிரேக் சரி செய்தாயிற்றா?" சைட்டில் ஒரு யூனிட்டை, அதாவது ஒரு கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த மின் உற்பத்திப் பிரிவை, ஒப்படைக்கும்போது மிச்ச வேலைகளுக்குப் போடும் பட்டியல் அது. எங்களையும் அப்படித்தான் நடத்தினார். பத்து வயதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கணக்கு மார்க்கைச் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.

சிங்க்ரௌலிக்குப் போனபின் கடிதத்தில் படம் வரைய ஆரம்பித்தார். முதல் யூனிட் 1982 பிப்ரவரியில் ஓடியது. அதற்கு முந்தைய வருஷத்துக் கடிதம் ஒன்றில், நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள டிரம்மை, அதாவது கொதிகலன் உச்சியில் தண்ணீரும் நீராவியும் பிரியும் பெரிய உருளையை, வின்ச் வைத்து மேலே ஏற்றிய கதை இருக்கும். காலையில் தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்களாம். ஏறி முடியும்வரை யாரும் சாப்பிடப் போகவில்லையாம். அதில்தான் கொதிகலன் தரையில் உட்காருவதில்லை, மேலிருந்து தொங்குகிறது என்று எனக்கு எழுதினார். சூடானால் இரும்பு நீளும், கீழே இடம் விட்டுத் தொங்கவிட்டால் அது பாட்டுக்கு அரை அடி இறங்கிக்கொள்ளும். பக்கத்தில் கொடியில் தொங்கும் வேட்டி ஒன்று வரைந்திருந்தார். நான் பள்ளியில் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை.

ஒரு காலாண்டு லீவில் நாங்களும் அங்கே போனோம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி, இடார்சியில் மாறி, அப்புறம் இன்னும் எத்தனையோ மாறி. போன அன்று ராத்திரி ஸ்டீம் ப்ளோயிங். புதுக் குழாய்களுக்குள் வெல்டிங் துணுக்கும் துருவும் கிடக்கும். அது நீராவியால் சுழலும் டர்பைனுக்குப் போனால் பிளேடு போச்சு. அதனால் முதலில் நீராவியை வெளியே ஊதித் தள்ளுவார்கள். சத்தம் வந்ததும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கலகலவென்று ஆடின, தம்பி அம்மா முந்தானைக்குள் போய்விட்டான்.

காலையில் அப்பா தூங்காத கண்ணோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டைக் கொண்டுவந்தார். டார்கெட் பிளேட். பளபளவென்று தேய்த்து நீராவியின் வழியில் மாட்டுவார்கள். உள்ளே தூசி இருந்தால் அதில் பட்டுக் குழி விழும். தம்பியிடம் லென்ஸைக் கொடுத்து எண்ணச் சொன்னார். ஏழு என்றான். "ஏழா? சரி, இன்னும் ஊதணும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ அவன் உத்தரவு போட்ட மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பினார். உண்மையில் அது ஏற்கெனவே எண்ணி முடித்துக் கழித்துப் போட்ட தகடு என்று பின்னால்தான் தெரிந்தது. இப்போது அது தம்பியின் மேஜையில் இருக்கிறது.

ரிட்டயரான பிறகு வீடு கட்டினோம். சுவரைப் பூசுவதற்கு முன்னால் குழாய்களை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கொதிகலனுக்கு வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது விதி. அதையே குளியலறைக்கும் கேட்டார். கைப்பம்ப் வாடகைக்கு வந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, டார்ச்சோடு ராத்திரி பதினோரு மணிவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சார், இது வீடு சார், பாய்லர் இல்ல" என்றார் பிளம்பர். மூன்று இணைப்பில் கசிந்தது. அதற்கப்புறம் பிளம்பர் வாயே திறக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவர் இல்லாததால் அம்மாதான் எல்லாம் பார்த்தாள். தம்பி பிறந்தபோதும் அப்பா இல்லை, பாட்டி போனபோதும் இல்லை. எண் போட்ட கடிதம் அதற்கெல்லாம் ஈடாகாது; அம்மாவும் ஈடு என்று சொன்னதில்லை.

போன ஐப்பசியில் அப்பா தவறினார். காரியமெல்லாம் முடிந்து லிபியாக் கடிதங்களை எடுத்து அடுக்கினோம். இருபத்திரண்டாவது மட்டும் இல்லை, அது அப்போதே வந்து சேரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தார் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "தண்ணி வரி கட்டச் சொல்லியிருப்பேன்" என்பார் அப்பா. அம்மா நம்பியதே இல்லை. அன்றும் கடிதக் கட்டை நூலால் கட்டும்போது, "இருபத்திரண்டு நிலுவைல இருக்கு" என்றாள்.