ஆறு வாரப் பூனைக்குட்டி ஆட்களைக் கண்டால் ஒளிகிறது, பழக்க முடியுமா?

மாடிப்படிக்கு அடியில் கிடைத்த குட்டி, யார் வந்தாலும் பீரோவுக்குப் பின்னால் பதுங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் பழக்கலாம், ஆனால் இன்றே தொடங்குங்கள். பூனைக்குட்டிகள் மனிதரை எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த 2 முதல் 7 வாரம் வரைதான். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகள் இதைத்தான் காட்டின. அதற்குப் பிறகும் பழகும். காலம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

தயவுசெய்து கையை விட்டு இழுக்காதீர்கள். தரையில் உட்காருங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்து அருகில் வையுங்கள். உற்றுப் பார்த்தால் மிரளும். கண்களை மெல்ல மூடித் திறங்கள். தானாக வந்து முகர்ந்த பிறகு கன்னத்தையும் தாடையையும் தடவுங்கள், வயிற்றை அல்ல. சீறினால் அது பயம்; அதட்டவே கூடாது.

உங்களிடம் மட்டும் ஒட்டிக்கொண்டால் போதாது. பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளிப் பிள்ளைகள் என்று நான்கைந்து பேராவது தினமும் சிறிது நேரம் அதோடு இருக்கட்டும். மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் முதலில் தூரத்திலிருந்து, அது சாப்பிடும்போது கேட்கட்டும். மருத்துவரிடம் கொண்டுபோகும் கூடையை இப்போதே பழந்துணி விரித்துத் திறந்து வைத்துவிடுங்கள், அதிலேயே தூங்கிப் பழகும்.