ஆங்கிலத்தில் 'டிரகோனியன்' (draconian) என்றால் என்ன? 'ஹார்ஷ்' (harsh, கடுமையான) வரும் இடத்திலெல்லாம் அதைப் போடலாமா?

போட முடியாது. நான் ஹட்டனில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு தங்கச்சி, நுவரெலியாக் குளிரை 'டிரகோனியன்' என்று கட்டுரையில் எழுதியிருந்தார். குளிர், காற்று, குரல், வெயில் எல்லாவற்றுக்கும் 'ஹார்ஷ்' பொருந்தும். 'டிரகோனியன்' பெரும்பாலும் சட்டம், தண்டனை, மேலிடத்துக் கட்டுப்பாடு ஆகியவற்றோடுதான் வரும்.

காரணம் அதன் பிறப்பு. கி.மு. 621 வாக்கில் கிரேக்க நகரமான ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதி வைத்தவர் டிராகோ. கொலை செய்தாலும் மரணம், காய்கறி திருடினாலும் மரணம். ஏன் இப்படி என்று கேட்டபோது, "சின்னக் குற்றத்துக்கே மரணம் தகும், பெரியதற்கு அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை" என்றாராம். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை இது. பிறகு கி.மு. 594இல் சோலோன் என்ற ஏதென்ஸ் ஆட்சியாளர் வந்து, கொலை பற்றிய சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டார்.

ஆகவே வெறும் 'கடுமையான' என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். செய்த தவறுக்கும் கிடைக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை என்பதுதான் மீதிப் பாதி. நான் 'அளவு மீறிய கொடுஞ்சட்டம்' என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

நம்முடைய மலையகத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1865இன் தொழிலாளர் சட்டப்படி, அறிவிக்காமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போட முடிந்தது. வேலையை விடுவது குற்றமா? அந்தச் சட்டத்துக்கு இந்தச் சொல்லைத் தயங்காமல் போடலாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி எழுதும் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் இதே சொல்லை அடிக்கடி பார்ப்பீர்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். 'ஸ்ட்ரிக்ட்' பாராட்டாகவும் வரும். ஸ்ட்ரிக்டான டீச்சரை அம்மாமாருக்குப் பிடிக்கும். 'டிரகோனியன்' எப்போதுமே கண்டனம். சட்டம் போட்டவர் தன் சட்டத்தை அப்படிச் சொல்லவே மாட்டார். அதில் அகப்பட்டவர்தான் சொல்வார்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். மழையில் நனைந்து நாள் முழுக்க எடுத்தும், ஒரு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி, போட்டுவிட்டார்கள். மலையில் நின்று கங்காணி ஏசியது 'ஹார்ஷ்'. ஒரு கிலோவுக்காகப் பாதி நாள் கூலியை வெட்டிய அந்த விதி 'டிரகோனியன்'.