பதில்: ராத்திரி ஆனா ஆர்டிகே ஃபிக்ஸ் போயிடுது, சூரியப் புயலா?
ப்ரோ, ரிசீவரை சர்வீஸுக்கு அனுப்பாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. (ஆர்டிகேன்னா தெரிஞ்ச இடத்துல வெச்ச பேஸ் ரிசீவரோட உதவியில சாட்டிலைட் மூலமா இடம் அளக்கிற முறை, ஃபிக்ஸ்னா அதுல சென்டிமீட்டர் துல்லியம் கிடைச்ச நிலை.) தூத்துக்குடி உப்பளத்துல வெயிலுக்குப் பயந்து சாயங்காலமா சர்வே பண்றீங்க, பகல்ல ஃபிக்ஸ் கல்லு மாதிரி நிக்குது, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஃப்ளோட்டுக்கு, அதாவது துல்லியம் கம்மியான நிலைக்குப் போயிடுது, அதுவும் இந்த மார்ச் மாசத்துல, இது போதும் கண்டுபிடிக்க.

உங்க ஆஃபீஸ்ல சொன்ன மாதிரி இது சூரியப் புயலா இருந்தா, தினமும் அதே நேரத்துக்கு வராது. 2024 மே 10, 11ல வந்ததுதான் நிஜப் புயல், லடாக் ஹன்லேலயே வானம் சிவந்துச்சு, அமெரிக்காவுல விதைப்பு நேரத்துல டிராக்டர் ஜிபிஎஸ் தடுமாறி விவசாயிங்க வேலைய நிறுத்திட்டாங்க.

உங்களுக்கு நடக்கிறது வேற. நம்ம தென்கோடி பூமியோட காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் (கேரளா தும்பாவுல ராக்கெட் தளம் வெச்சதே அதனாலதான்), இங்க சூரியன் மறைஞ்சதும் அயனி மண்டலத்துல (மேல வானத்துல மின்னேற்றத் துகள் நிறைஞ்ச அடுக்கு) அடர்த்தி கம்மியான குமிழிங்க கிளம்பி மேல ஏறும், அதுக்குள்ள புகுந்து வர்ற சாட்டிலைட் சிக்னல் மினுமினுக்கும், சாட்டிலைட் அனுப்புற அலைவரிசைகள்ல எல்1ஐ விட எல்2, எல்5 ரொம்ப அடிவாங்கும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர்ல ஜாஸ்தி, சூரியன் உச்சத்துல இருக்கிற வருஷங்கள்ல இன்னும் மோசம். பூமியோட காந்தப் புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு சொல்ற கேபி எண் 2ன்னு அமைதியா காட்டுற அன்னிக்கும் வரும், சில சமயம் புயலே இதை அமுக்கிடும்.

பேஸை பக்கத்துல நகர்த்தியும் பெருசா பிரயோஜனம் இல்ல. விடியக்காலைல வேலைய வைங்க, பெரும்பாலும் நள்ளிரவு தாண்டினா அடங்கிடும். எல்லா கான்ஸ்டலேஷனையும் (ஜிபிஎஸ், க்ளோனாஸ் மாதிரி சாட்டிலைட் கூட்டங்கள்) ஆன் பண்ணுங்க, அப்புறம் ஆஃபீஸ்ல கணக்குப் போட ரா டேட்டா லாக் ஓடட்டும், ஃப்ளோட்ல எடுத்த பாயின்ட்டை மட்டும் கிளையன்ட்கிட்ட குடுத்துடாதீங்க.