வண்டிக் குதிரையை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அதன்மேல் பாசம் இருக்குமா, வெறும் பிழைப்புதானா?

எங்கோ எலும்பு தெரிய நின்ற ஒரு குதிரையைப் பார்த்துவிட்டு வந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட குதிரைகள் உண்டு, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் அப்பா இருபது வருடம் பழனி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டியவர். "வெறும் பிழைப்பு" என்றது கொஞ்சம் சுட்டது.

அப்பாவிடம் சாட்டை இருந்தது. நானே முந்திச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது கேட்பார்கள். அதன் பிடியைச் சுழலும் சக்கரத்தின் ஆரங்களில் உரசவிட்டு டகடகவென்று சத்தம் எழுப்புவார். அதற்கே எங்கள் குதிரை லட்சுமி ஓட்டமெடுக்கும். முதுகில் பட்டதே இல்லையா என்றால், நான் பார்த்து இரண்டு முறை.

சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும் குளம்புகளை ஒவ்வொன்றாக மடியில் தூக்கி வைத்து, லாடத்துக்குள் சிக்கிய கல்லை நோண்டி எடுத்து, உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரு குளம்பு மட்டும் சூடாக இருந்தால் மறுநாள் வண்டி கிடையாது. வியர்வை அடங்கும்வரை கொள்ளும் கிடையாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை வண்டியில் பூட்டக் கூடாது என்று 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அப்பாவுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. உச்சிவெயிலில் புளியமரத்தடியில் அவிழ்த்துக் கட்டிவிடுவார், அவ்வளவுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தைப்பூசம். அன்னதானத்தில் மிஞ்சிய பொங்கலை ஒரு வாளி அள்ளிவந்து, அப்பாவுக்குத் தெரியாமல் லட்சுமிக்கு வைத்தேன். பாசத்தில்தான்! ராத்திரி அது முன்னங்காலால் தரையைப் பறண்டியது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது, அப்புறம் படுத்துப் புரள ஆரம்பித்தது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வந்தாக வேண்டும். அப்பா விலாவில் காதை வைத்துக் கேட்டார். நல்ல குதிரையின் வயிறு எந்நேரமும் குடகுடவென்று பேசிக்கொண்டே இருக்கும். "சத்தமே இல்லடா" என்றார்.

டாக்டருக்கு ஆள் அனுப்பினோம், கூட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை. புரளவிடாமல் விடிய விடிய நடத்தினார். நான் டார்ச்சோடு பின்னால். மூன்று மணிக்கு மேல் இரண்டு உருண்டை லத்தி விழுந்தது. அப்பா அதைக் கையிலேயே எடுத்துப் பிட்டுப் பார்த்தார். அப்போதுதான் பொங்கல் விஷயத்தைச் சொன்னேன். முதுகில் ஒன்று வைத்தார். (நடத்தினால் சரியாகிவிடும் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். காலையில் டாக்டர் வந்து ஊசி போட்டார், தாமதத்துக்குத் திட்டவும் செய்தார்.) அடுத்த நாலு நாள் லட்சுமியைப் பூட்டவில்லை. வருடத்திலேயே நல்ல காசு பார்க்கும் நாலு நாள் அது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பக்கம் கொள்ளுப் பருப்பு வீட்டுக்கு வீடு உண்டு. சென்னையில் விடுதியில் அதைச் சாப்பிட்டதற்கு "குதிரைத் தீனி" என்று ஒருவன் வருடம் முழுக்கச் சிரித்தான். போன மாதம் அவனே கொள்ளுப் பொடிப் பாக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பி, எடை குறையுமாமே, தினம் எத்தனை ஸ்பூன் என்று கேட்கிறான்.