சவரம் செய்யும்போது கீறினால் ரத்தம் தானாக எப்படி நிற்கிறது? இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிற்காததற்கு ரத்தம் தண்ணீராகிவிடுவதுதான் காரணமா?

தண்ணீராகாது. கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், மாத்திரையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் விட விடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்துவிட்டுக் கணக்கு எழுதுகிறவன். அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்றாவது மாதம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு வருடம் விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாடைக்குக் கீழே பிளேடு கீறிவிட்டது. கடுகளவு கீறல். படிகாரம் தேய்த்தார், நிற்கவில்லை. அம்மா காப்பித்தூள் டப்பாவோடு வந்தார் (வைக்காதீர்கள், சீழ் பிடிக்கும்). அப்பா துண்டை வைத்து அழுத்துவார், அரை நிமிடத்தில் எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பார், மறுபடி வழியும். பனியன் கழுத்தெல்லாம் சிவப்பு. இப்படியே முக்கால் மணி நேரம். மதியம் சாப்பிட வந்த சித்தப்பா, "ரத்தம் தண்ணியாயிடுச்சுண்ணே, அந்த மாத்திரைய விடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

உள்ளே நடப்பது வேறு. கீறியதும் ரத்தக்குழாய் தானே சுருங்கும். குழாயின் உள்பூச்சு கிழிந்து அடியிலுள்ள நார் வெளியே தெரியும். ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் (ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை என்று போட்டிருப்பார்களே, அவைதான்) போய் அந்த நாரில் ஒட்டும். ஒட்டியதும் கைகால் முளைத்தது போல உருமாறி, ரசாயனத்தைக் கக்கி மற்ற தட்டணுக்களைக் கூப்பிடும். அந்தக் கும்பல்தான் முதல் அடைப்பு. ரத்தத்தில் கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை த்ராம்பின் என்ற நொதி வெட்ட, அது ஃபைப்ரின் இழைகளாகி வலைபோல அடைப்பை இறுக்கும். ஆஸ்பிரின் ஒரு கூப்பாட்டை அடக்கும். குளோபிடோக்ரெல் இன்னொரு கூப்பாட்டைக் கேட்கும் காதை அடைக்கும். ஆக, கும்பல் சேரத் தாமதம், அவ்வளவுதான். சேர்ந்த கொஞ்சத்தையும் அப்பா துண்டை எடுத்து எடுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் எட்டிப் பார்க்காமல் அழுத்தியிருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும்.

"டாக்டர்களே பிளட் தின்னர், அதாவது ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து என்றுதானே சொல்கிறார்கள்" என்று கீழே கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். சொல்கிறார்கள்தான், வாய்க்குச் சுலபம். அதற்காக எல்லா ரத்தப்போக்கையும் வீட்டிலேயே அழுத்திக்கொண்டிருங்கள் என்றும் நான் சொல்லவில்லை. தலையில் அடிபட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்பா எங்களிடம் சொல்லாமல் நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் உலோகம். அதன்மேல் குழாயின் உள்பூச்சு வளர்ந்து மூடும் வரை தட்டணுவுக்கு அதுவும் ஒரு புண்தான். அங்கே கும்பல் கூடினால் மாரடைப்பு. தட்டணு 7 முதல் 10 நாள்தான் உயிரோடிருக்கும். தினமும் மாத்திரை தொடாத புதியவை வந்துகொண்டே இருப்பதால், நான்கு நாளில் கூப்பாடு போடத் தெரிந்த கூட்டம் நிறையச் சேர்ந்திருக்கும். போனில் டாக்டர் கத்தியது பக்கத்து அறை வரை கேட்டது. ஒன்றும் ஆகவில்லை, எங்கள் அதிர்ஷ்டம். சித்தப்பா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாளாக எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், அதற்கு மருந்துக்கடைதான் காரணம். பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டி, பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத துண்டாகத் தருகிறார்கள். டப்பாவில் நான்கு விதத் துண்டுகள், எல்லாம் வெள்ளை மாத்திரை. எது குறைந்தது, எது குறையவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேதி இருக்கும் பக்கமாகக் கொடுங்கள் என்று போன வாரம் கேட்டேன். "அதக் கடைசியா வாங்குறவருக்குத்தான் சார் குடுக்க முடியும்" என்றார்.