ஒரு நொடி சுழன்று நின்றுவிடும் கேமிங் கணினி
வணக்கம். நேற்றுவரை நன்றாக இயங்கிய கணினியில், இன்று பொத்தானை அழுத்தினால் விசிறிகள் ஒரு நொடி சுழன்று நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கோ ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, பவர் சப்ளை (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்போது பெரும்பாலும் இப்படித்தான் நிகழும்; ஆகவே விண்டோஸை மீண்டும் நிறுவுவதால் பயனில்லை.

மின்னிணைப்பைத் துண்டித்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். அப்போதும் நின்றால், ப்ராசஸருக்குச் செல்லும் 8 பின் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இப்போது விசிறிகள் நிற்காமல் ஓடினால், மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகம்) ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும், வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டிப் பார்க்காமல் புதிய போர்டு வாங்கிவிடாதீர்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகங்களில்) உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.