தோப்பில் கொட்டிய ஆஸ்பத்திரிக் கழிவு: புகார் கொடுத்தால் நான் மாட்டுவேனா?

கேள்வி: கேரள எல்லையை ஒட்டிய புளியரை பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஓரத்தில் சும்மா கிடந்த 20 சென்ட்டைப் பழைய சாமான் போட்டுவைக்க என்று ஒரு புரோக்கருக்கு வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டேன். போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் மூட்டைகளைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரித்தால் ஊசி, டிரிப்ஸ் குழாய், ரத்தம் தோய்ந்த பஞ்சு, மலையாளச் சீட்டுகள். "ஜேசிபி வைத்துப் புதைத்துவிடலாம், 10,000 தருகிறேன்" என்கிறார் புரோக்கர். புகார் கொடுத்தால் வழக்கு என்மேல் திரும்புமா?

பதில்: இன்றைக்கு நீங்கள் ஏமாற்றப்பட்டவர். குழி தோண்டச் சம்மதித்த நிமிடமே கூட்டாளி. அந்த 10,000 உங்கள் வாயை அடைக்கிற பணம். 'பழைய தேதி போட்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்' என்று அடுத்து ஸ்டாம்ப் பேப்பரோடு வருவார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டால் கழிவே உங்களுடையது என்று எழுதிக்கொள்ள முடியும். வாடகை வாங்கியதை மறைக்க வேண்டாம், புகாரிலேயே எழுதுங்கள். போலீஸ் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொன்னதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

தீ வைக்காதீர்கள். பிளாஸ்டிக் புகை நஞ்சு, சாட்சியும் கருகிப்போகும். குவியல்மேல் தார்ப்பாய் போட்டு, மேட்டுப் பக்கம் சின்ன வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் கழிவுநீர் கிணற்றுக்கு இறங்கும். ஆஸ்பத்திரிப் பையில் பார்கோடு இருந்தாக வேண்டும். அதையும் லேப் சீட்டு, மருந்து பில்லையும் தொடாமல், தேதி, இடம் பதிவாகும்படி படமெடுங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூரில் கொட்டியது எந்த ஆஸ்பத்திரியுடையது என்று காட்டிக்கொடுத்தவை இப்படிப்பட்ட சீட்டுகள்தான். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது.

ஒரே மனுவைக் காவல் நிலையம், மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், கோட்டாட்சியர் மூவருக்கும் கொடுங்கள். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத்தபால். சோதனைச்சாவடி கேமரா பதிவை எடுத்து வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். நாள் போனால் அழிந்துவிடும். கழிவை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியருக்கு உண்டு. போலீஸ் வாரியத்தைக் கைகாட்டும், வாரியம் பஞ்சாயத்தைக் கைகாட்டும். கேரளப் பக்கம், திருவனந்தபுரத்தின் விளப்பில்சாலை குப்பை ஆலை 2011-இல் மூடியது, கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு 2023 மார்ச்சில் எரிந்தது. குப்பையை எங்கே வைப்பது என்று அந்த நகரங்கள் பேசிக்கொண்டே இருக்க, மூட்டை ஆரியங்காவு கணவாய் இறங்கி வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் அதை நிறுத்திக் கேட்க வேண்டியவர்கள் இன்னும் எல்லை யாருடையது என்றே பேசுகிறார்கள்!

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லித்தான் மனுவைத் தள்ளுவார்கள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் டயப்பர், சர்க்கரைக்காரர் போட்ட இன்சுலின் ஊசி ஆகியவை ஆஸ்பத்திரிக் கழிவல்ல, வீட்டுக்குப்பை, பொறுப்பு உள்ளாட்சிக்கு. மூட்டையில் இவை மட்டுமே இருந்தால் வாரியம் கைகழுவலாம். ஆனால் வீட்டில் டிரிப்ஸ் குழாய் கட்டுக்கட்டாகச் சேராது, ரத்தப்பை சேராது, மஞ்சள், சிவப்புப் பைகளில் பார்கோடு இராது. இவற்றில் ஒன்று கிடைத்தாலும் அது ஆஸ்பத்திரிக் கழிவுதான். அந்தப் படத்தை மனுவின் முதல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கூடவே நாலு டயப்பர் கிடப்பதால் அது வீட்டுக்குப்பை ஆகிவிடாது.

ஒரு மாதம் தாண்டியும் அசைவில்லை என்றால் சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

தேங்காய் வெட்ட வருகிறவர்களை அந்த ஓரத்துக்கு விடாதீர்கள். யாருக்காவது ஊசி குத்தியிருந்தால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் 2 மணி நேரத்துக்குள் என்றால் நல்லது.